இலங்கைக்கு இந்தியா தரும் உதவி: எது உழைக்கிறது, எது பெயருக்கு நிற்கிறது

தொகையை வைத்து வரிசைப்படுத்தினால், 2022 பொருளாதார நெருக்கடியின்போது இந்தியா இலங்கைக்குக் கொடுத்த சுமார் 400 கோடி டாலர்தான் முதலில் நிற்கும். வேலை செய்த விதத்தை வைத்து வரிசைப்படுத்தினால், அந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத ஓர் ஆம்புலன்ஸ் சேவை அதை முந்திவிடும். வெளிநாட்டு உதவியை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிட உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது இந்த முரண்தான்.

இந்தச் சேவைக்கு வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். வீட்டில் குடியிருப்பவரும் ரயிலில் போகிறவரும் ஒரு பக்கம். பணம் கட்டும் டெல்லி வெளியுறவு அமைச்சகம் இன்னொரு பக்கம். அங்கே 2012 ஜனவரியிலிருந்து இதற்கென்றே வளர்ச்சிக் கூட்டுறவு நிர்வாகம் என்று தனிப் பிரிவு இயங்குகிறது. அமைச்சகம் வாங்க நினைப்பது கொழும்பில் தன் பேச்சுக்கு ஒரு மரியாதை. ஆகவே மதிப்பெண்ணை இரண்டு பக்கமிருந்தும் போட வேண்டியிருக்கிறது. பல திட்டங்கள் ஒரு பக்கத்தில் தேறி மறுபக்கத்தில் கோட்டை விடுகின்றன.

1990: சொன்னதைச் செய்த சேவை

1990 என்பது ஆண்டு அல்ல, அழைக்கும் எண். 'சுவசெரிய' என்ற இந்த இலவச ஆம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு தொடங்கியது. இந்தியா கொடுத்த முதல் மானியம் சுமார் 76 லட்சம் டாலர். தமிழ்நாட்டில் 108 ஓடுகிற அதே முறைதான்: ஒரே எண், ஒரே கட்டுப்பாட்டு அறை, வண்டியில் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர், கட்டணம் கிடையாது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் விழா நடத்தி வடக்குக்கும் ஊவாவுக்கும் விரித்தார்கள். அதன்பின் தீவு முழுவதும். இந்திய மானியத்தில் வந்தவை மொத்தம் 297 வண்டிகள், இரண்டு மானியங்களும் சேர்ந்து சுமார் 2.26 கோடி டாலர்.

தொடக்கத்தில் கிளம்பிய எதிர்ப்பு சின்னதல்ல. அரசு மருத்துவர் சங்கமும் சில அரசியல் கட்சிகளும் போர்க்கொடி தூக்கின. இந்தியர்கள் வந்து வேலையைப் பறிப்பார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. ஆம்புலன்ஸ் என்ற பேரில் உளவு பார்ப்பார்கள் என்பது இன்னொன்று. அதற்கு மேடையில் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் திட்டத்தின் அமைப்பிலேயே பதிலை வைத்ததுதான் சாமர்த்தியம். ஊழியர்களை இலங்கையிலேயே எடுத்து ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 2018இல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, சேவையை நடத்த ஓர் அறக்கட்டளை அமைத்தது. அன்றாட நடத்துச் செலவு இலங்கை வரவு செலவுத் திட்டத்தின் தலையில் ஏறியது. கொடுத்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வண்டிகள் முதலில் போனது தெற்குக்கு. இந்தியா என்றாலே தமிழர் பகுதிக்கு மட்டும் செய்கிற நாடு என்ற சந்தேகம் சிங்களப் பெரும்பான்மை மாவட்டங்களில் பழையது. காலியிலும் மாத்தறையிலும் நெஞ்சு வலியோடு அழைத்தவர் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகு அந்தச் சந்தேகத்தை வைத்து அரசியல் செய்வது கடினம். இந்த வரிசையை யோசித்துப் போட்டவர் யாரோ, ராஜதந்திரம் தெரிந்தவர்.

குறை இல்லாமல் இல்லை. மானியமாக வரும் எந்த வண்டிக்கும் ஒரே பலவீனம்தான்: முதல் வண்டி இலவசம், அதற்குப் பதில் வரும் வண்டி சொந்தக் காசு. இரவு பகலாக ஓடும் ஆம்புலன்ஸ் பத்தாண்டு தாங்கினால் பெரிது. முதல் 88 வண்டிகளுக்கும் 2026இல் பத்து வயது. டாலர் தட்டுப்பாடு உள்ள நாட்டில் உதிரி பாகத்துக்கே ஒதுக்கீடு கேட்டு அலைய வேண்டிவரும். அதையும் கணக்கில் எடுத்தே ஐந்துக்கு நாலரை.

யாழ்ப்பாணக் கலாச்சார மையம்: கட்டடம் அருமை, சாவி யாரிடம்?

இதற்கு நேர் எதிரான பாடம் யாழ்ப்பாணத்தில் நிற்கிறது. 2015 மார்ச்சில் அடிக்கல், 2022 மார்ச்சில் திறப்பு, செலவு 1.1 கோடி டாலருக்கு மேல், முழுக்க மானியம். அரங்கு, நூலகம், அருங்காட்சியகம், அடுக்கு மாடிக் கோபுரம் எல்லாம் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய குளிரூட்டிய கட்டடத்தின் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் தாங்கும் வருமானம் ஒரு மாநகர சபைக்கு இருக்குமா என்ற கேள்வி கட்டி முடித்த பிறகுதான் சூடு பிடித்தது. யார் நடத்துவது என்பதில் மாநகர சபைக்கும் கொழும்புக்கும் இழுபறி. 2025 ஜனவரியில் 'திருவள்ளுவர் கலாச்சார மையம்' என்று பெயர் மாற்றியபோது பெயரிலிருந்து 'யாழ்ப்பாணம்' விழுந்துபோக, எதிர்ப்பு கிளம்பி, அதை மறுபடி ஒட்டவைக்க வேண்டிவந்தது. திருவள்ளுவர் பெயரில்கூட சண்டை வரவைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

கட்டடம் தருகிற உதவியில் இந்தக் கோளாறு எங்கும் வரும். கட்டுமான ஒப்பந்தத்தில் கல், கம்பி, சிமெண்ட் எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கும். ஒப்படைத்த மறுமாதம் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. பார்வைக்கு நான்கு, நடைமுறைக்கு இரண்டு.

வீடுகள்: பணம் போன வழிதான் விசேஷம்

2010 ஜூனில் அறிவித்த 50,000 வீடுகள் திட்டம் இந்தியா எந்த நாட்டிலும் செய்த மானியத் திட்டங்களில் பெரியவற்றில் ஒன்று. மதிப்பீடு 1,372 கோடி இந்திய ரூபாய். முன்னோட்டமாக 1,000 வீடுகள் 2012இல் முடிந்தன. பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் 45,000, தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் 4,000.

1,000 வீடுகளுக்குப் பிறகு முறையை மாற்றினார்கள். இந்த மதிப்பாய்வில் மிகவும் பாராட்ட வேண்டியது அதுதான். வடகிழக்கின் பெரும்பகுதியில் வீட்டுக்காரரே தன் வீட்டைக் கட்டுவார். குறைந்தது 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். சேதமடைந்த வீட்டைத் திருத்த 2,50,000. பணம் தவணையாக வரும். அத்திவாரத்திலிருந்து கூரை வரை ஒவ்வொரு கட்டத்தையும் ஐ.நா. வாழ்விட அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற செயற்படுத்தும் அமைப்புகளின் ஆட்கள் வந்து பார்த்துச் சான்று கொடுத்தால், கொழும்பு இந்தியத் தூதரகம் பயனாளியின் வங்கிக் கணக்கில் நேராகப் போட்டுவிடும். நடுவில் ஒப்பந்ததாரரும் இல்லை, அரசியல்வாதியின் கையும் இல்லை. வங்கிப் புத்தகத்தில் விழுகிற அந்த வரவு ஒன்றே போதும். விளம்பரப் பலகை வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால் தொகையில். 5,50,000 என்று முடிவு செய்தபோது இருந்த விலை வேறு, ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பத் தொடங்கியபின் வன்னியில் மணலும் கல்லும் மேசன் கூலியும் விற்ற விலை வேறு. உதவியே உள்ளூர்ச் சந்தையில் விலையை ஏற்றிவிட்டது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை. முடிக்கக் கையில் காசில்லை. நகை அடகுக் கடைக்குப் போனது, நுண்கடன் நிறுவனங்கள் வாசலுக்கு வந்தன. கணவனை இழந்த பெண்கள் தலைமையிலான குடும்பங்களில் இந்தச் சுமை கூடுதல்: கூலி இல்லாமல் உழைக்கும் கை வீட்டில் ஒன்று குறைவு. தவணையின் அளவை நிலையாக வைத்துவிட்டு, சந்தை விலையை ஓடவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மலையகத்தில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே பணத்துக்கு முன்னால் காணி. தோட்ட நிலம் அரசுடையது, ஆனால் குத்தகை தோட்டக் கம்பெனியின் கையில். கம்பெனி விடுவிக்க வேண்டும், மண்சரிவு அபாயம் இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் அளந்து கொடுக்க வேண்டும், பிறகு தண்ணீர், பாதை. 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் மண்ணில் வேலை தொடங்கியது. அதற்குள் ரூபாய் சரிந்து, வீட்டுக்கு 28 லட்சம் இலங்கை ரூபாய் என்று தொகையைத் திருத்த வேண்டியதாயிற்று. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலிருந்து வெளியே வரும் குடும்பத்துக்கு இந்த வீட்டின் மதிப்பை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. காணி உறுதிப்பத்திரம் கையில் வந்தால் மட்டும்.

கடன் வசதி: படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்து

மானியம் போக மீதி எல்லாம் கடன். பேச்சு வழக்கில் இதையும் 'உதவி' என்கிறார்கள். கணக்கில் இது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். நடக்கிற முறை இப்படி. கடன் கேட்கும் அரசு விரிவான திட்ட அறிக்கையோடு தன் தலைநகரிலுள்ள இந்தியத் தூதரகத்திடம் விண்ணப்பிக்கும். வெளியுறவு அமைச்சகம் பரிந்துரைத்து, நிதி அமைச்சகம் ஒப்புக்கொண்டால், இந்திய எக்சிம் வங்கி (ஏற்றுமதி–இறக்குமதி வங்கி) ஒப்பந்தம் போடும். வட்டியில் குறைகிற பங்கை இந்திய அரசு அந்த வங்கிக்கு ஈடுகட்டும். 2015 விதிகளின்படி மிக ஏழை நாடுகளுக்கு 1.5 சதவீத வட்டி, 25 ஆண்டுகள், முதல் 5 ஆண்டுகள் தவணை இல்லை. அடுத்த படியில் உள்ளவற்றுக்கு 1.75 சதவீதம், 20 ஆண்டுகள். ஒப்பந்ததாரர் இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும். பொருளிலும் சேவையிலும் 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வர வேண்டும், கட்டுமான வேலைகளில் கொஞ்சம் தளர்வு உண்டு.

பலர் கவனிக்காதது: பணம் கடன் வாங்கும் நாட்டுக்குள் போவதே இல்லை. எக்சிம் வங்கி இந்திய ஒப்பந்ததாரருக்கு நேராகக் கொடுக்கும். ஊழலுக்கு வழி ஒன்று அடைபடுகிறது. அதே சமயம், போட்டி இந்திய நிறுவனங்களுக்குள்ளேயே முடிவதால் விலைப்புள்ளி ஏறவும் வாய்ப்புண்டு. தாமதம் பெரும்பாலும் திட்ட அறிக்கையில்தான் தொடங்குகிறது. அறிக்கை பலவீனமாக இருந்தால் டெண்டரில் தொகை எகிறும், ஒப்புதல் திரும்ப முதலிலிருந்து.

நன்றாக நடந்த உதாரணம் ரயில். போரில் பிடுங்கிப்போன வடக்குப் பாதையை இந்தியக் கடனில் இந்திய அரசின் இர்கான் நிறுவனம் போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் பாதை திறந்தது. மஹவ முதல் ஓமந்தை வரையிலான 128 கிலோமீட்டரைச் சீரமைக்க 9.127 கோடி டாலர் ஒப்பந்தம்; அது 2025 ஏப்ரலில் திறப்பு விழா கண்டது.

திணறிய உதாரணம் காங்கேசன்துறைத் துறைமுகம். 2018 ஜனவரியில் 4.527 கோடி டாலர் கடன் கையெழுத்தானது. துறைமுகம் அப்படியே கிடந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியபின் புதிதாகக் கடன் எடுத்துக் கட்டும் நிலையில் அது இல்லை. கடைசியில் 2024இல் இந்தியா 6.15 கோடி டாலரை மானியமாகவே தர ஒப்புக்கொண்டது. இப்படி 10 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன்களை மானியமாக மாற்றியிருப்பதாக 2025 ஏப்ரலில் மோடி கொழும்பில் அறிவித்தார். முதலிலேயே மானியமாகக் கொடுத்திருந்தால் ஆறு வருஷம் மிச்சம். நல்ல பெயரும் அப்போதே கிடைத்திருக்கும்.

2022: உதவியும் பேரமும் ஒரே மேசையில்

ராஜதந்திரத்துக்கு உதவி எப்படிப் பயன்படுகிறது என்று கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர் தேதிகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால் போதும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் அன்றைய நிதியமைச்சர் பசில் ராஜபக்ச டெல்லி வந்தார். உணவு மற்றும் மருந்துக்குக் கடன், எரிபொருளுக்குக் கடன், நாணய மாற்று (சொந்த நாணயத்தை ஈடாக வைத்து டாலர் பெறும் ஏற்பாடு), திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவை பேச்சில் ஒன்றாக வந்தன. 2022 ஜனவரி 6 அன்று தாங்கிகள் ஒப்பந்தம் கையெழுத்தானது: மொத்தம் 99இல் 14 இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளைக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. அடுத்த வாரமே 40 கோடி டாலர் நாணய மாற்று. பிப்ரவரி 2 அன்று எரிபொருளுக்கு 50 கோடி டாலர். மார்ச் 17 அன்று அத்தியாவசியப் பொருட்களுக்கு 100 கோடி டாலர். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தக் கடிதங்களில் இடம்பெற்று முப்பத்தைந்து ஆண்டுகள் இழுபட்ட தாங்கிகள் விவகாரம், நெருக்கடி முற்றிய சில வாரங்களில் முடிந்தது.

வேகத்துக்கு முழு மதிப்பெண். கடன் கொடுத்த மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது 2023 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்துக்குக் கடன் சீரமைப்பு உறுதிக் கடிதத்தை முதலில் கொடுத்ததும் இந்தியாதான். நிதியத்தின் கதவு மார்ச்சில் திறந்தது. இந்தக் கடிதத்துக்கு உடனடியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கிடைத்த மரியாதை சில கடன் வசதிகளைவிட அதிகம்.

ஆனால் வாங்கிய பொருளின் ஆயுளைப் பாருங்கள். 400 கோடி டாலர் உதவி போய்க்கொண்டிருந்த அதே 2022இல், ஆகஸ்ட் 16 அன்று, இந்தியா ஆட்சேபம் தெரிவித்தும் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது. 2023 அக்டோபரில் சீன ஆய்வுக் கப்பல் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை என்று இலங்கை அறிவித்தது; 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தன் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லி வந்து, இந்தியாவின் பாதுகாப்புக்கு எதிராகத் தன் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்றார். இவ்வளவையும் உதவியின் கணக்கில் மட்டும் எழுதுவது பேராசை. நிதியத்தின் மேற்பார்வையில் இருக்கும் ஒரு நாட்டுக்குப் பக்கத்து வீட்டைப் பகைத்துக்கொள்ள வசதியில்லை என்பதும் காரணம்.

கிடைக்காதவற்றின் பட்டியலும் உண்டு. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள், மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்று டெல்லி திரும்பத் திரும்பக் கேட்கிறது. வட மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. வீடு, ரயில், விமான நிலையம் எல்லாம் வந்த மாகாணத்தில் தேர்தல் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ராமேசுவரம், நாகை மீனவர்கள் கைதாவதும் படகுகள் பறிபோவதும் நிற்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்துக்கு 2019இல் போட்ட உடன்பாட்டை 2021 பிப்ரவரியில் இலங்கை தூக்கிப் போட்டது. மேற்கு முனையம் மாற்றாக வந்தது. உள்நாட்டு வாக்கு பாதிக்கும் இடத்தில் எந்த அரசும் வெளிநாட்டு நன்றிக்காக வளையாது. தொலைபேசியை எடுத்துப் பேசுவார்கள். தலையாட்டுவார்கள் என்று அர்த்தமில்லை.

மாலத்தீவில் இதையே இன்னும் கசப்பாகப் பார்க்கலாம். இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டரும் ஒரு டோர்னியர் விமானமும் நோயாளிகளை ஏற்றிச் சென்றன. அவற்றோடு வந்த சீருடைக்காரர்கள்தான் 'இந்தியாவே வெளியேறு' என்ற கோஷத்துக்குத் தீனியானார்கள். 2024 மே மாதத்துக்குள் ராணுவத்தினருக்குப் பதில் சிவிலியன் தொழில்நுட்பர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. 1990 ஆம்புலன்ஸ் சேவையில் செய்ததை அங்கே தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

பயிற்சி: சத்தமில்லாத சரக்கு

வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இந்தியா பயிற்சி தரும் ஐடெக் திட்டம் 1964 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. 160க்கும் மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகள் வருகிறார்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், படிப்பு, கைச்செலவுப் படி எல்லாம் இந்தியாவுடையது. வயது பொதுவாக 25 முதல் 45 வரை, வேலை செய்யும் அளவுக்கு ஆங்கிலம், தன் துறையின் பரிந்துரையோடு இந்தியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பம். இலங்கையைப் பொறுத்தவரை 2024 டிசம்பரில் ஐந்தாண்டில் 1,500 அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி என்று தனி ஏற்பாடும் செய்தார்கள். பலவீனம் துறைப் பரிந்துரையில்: வேலைக்குத் தேவைப்படுகிறவரை விட்டுவிட்டு, மேலதிகாரிக்கு வேண்டியவரை அனுப்பினால் வகுப்பறைக்குச் சுற்றுலாப் பயணிதான் வருவார். மற்றபடி செலவுக்குப் பலன் மிக அதிகம். பதினைந்து வருஷம் கழித்து அந்த அதிகாரி செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அது தெரியும்.

இப்போது கண்காணிக்க வேண்டியவை இரண்டு. மலையகத்தின் 10,000 வீடுகளில் எத்தனை குடும்பத்துக்குச் சாவியோடு காணி உறுதியும் கிடைக்கிறது என்பது ஒன்று. காங்கேசன்துறையில் துறைமுக வேலை முடிந்தபின் பராமரிப்புத் தூர்வாரலுக்கு யார் காசு கொடுப்பது என்பது மற்றது. நாகை–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி புறப்பட்டது. பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும் என்பதைப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு சீட்டு எடுப்பது உத்தமம்.